துணியின் ஆயுள் யார் கையில்?

ஐதராபாத் நகரில் எப்போதும் கூட்டம் நிறைந்த இடம் அமீர்பேட். 2017 நவம்பரில் இந்த நகரில் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது. இரண்டு மெட்ரோப் பாதைகள் அமீர்பேட்டில்தான் சந்திக்கின்றன. கம்ப்யூட்டர் படிப்பதற்கு வெளியூர்ப் பிள்ளைகள் இங்கே வருகிறார்கள். விடுதிகளில் தங்கிப் படிக்கிறார்கள்.

அமீர்பேட்டில் துணிக் கடைகளும் அதிகம். புடவைக் கடை உண்டு. ரெடிமேடு கடை உண்டு. நடைபாதையிலும் துணி விற்கிறார்கள். மேட்சிங் சென்டர்களும் இருக்கின்றன. புடவைக்குப் பொருத்தமான ரவிக்கைத் துணி, லைனிங், ஃபால்ஸ் எல்லாம் விற்கும் கடைக்கு மேட்சிங் சென்டர் என்று பெயர்.

கடையில் தொங்கும் சட்டையைப் பார்க்கிறோம். விலையைக் கேட்கிறோம். பிடித்தால் வாங்குகிறோம். சில மாதம் போடுகிறோம். ஒரு பட்டன் விழுகிறது. அக்குளில் தையல் பிரிகிறது. சட்டை மூலைக்குப் போகிறது. பிறகு குப்பைக்குப் போகிறது.

அந்தச் சட்டையின் ஆயுள் அவ்வளவுதானா? அதை முடிவு செய்தது யார்?

துணி எங்கிருந்து வருகிறது?

தெலங்கானாவில் பருத்தி அதிகம் விளைகிறது. ஆதிலாபாத், வரங்கல் பக்கம் கரிசல் மண் உண்டு. மழை தொடங்கியதும் விதைக்கிறார்கள். மழைக்காலம் முடிந்தபின் பஞ்சு எடுக்கிறார்கள். பஞ்சு எடுக்கும் வேலையைப் பெரும்பாலும் பெண்களே செய்கிறார்கள்.

பிறகு பஞ்சிலிருந்து கொட்டையைப் பிரிக்கிறார்கள். பஞ்சை நூலாக நூற்கிறார்கள். நூலைத் துணியாக நெய்கிறார்கள். சாயம் போடுகிறார்கள். வெட்டித் தைக்கிறார்கள். ஒரு சட்டை நம் உடம்புக்கு வருவதற்குள் எத்தனையோ கைகள் அதைத் தொட்டிருக்கின்றன.

தண்ணீரும் நிறையச் செலவாகிறது. ஒரு பருத்தி பனியன் சட்டை உருவாக சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் தேவை என்று உலக அளவில் கணக்கிட்டிருக்கிறார்கள். ஒருவர் ஒரு நாளைக்கு 3 லிட்டர் தண்ணீர் குடிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தண்ணீரை அவர் 900 நாள் குடிக்கலாம்.

துணிக்குப் பின்னால் கண்ணீரும் உண்டு. 1997-98-இல் வரங்கல் பகுதியில் பூச்சி தாக்கிப் பருத்தி அழிந்தது. கடன்பட்ட உழவர்கள் பலர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள்.

2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் டாக்கா அருகே ஒரு கட்டடம் இடிந்தது. அதன் பெயர் ராணா பிளாசா. அங்கே பல ஆடைத் தொழிற்சாலைகள் இருந்தன. வெளிநாட்டுக் கடைகளுக்கு அங்கே மலிவாக ஆடை தைத்தார்கள். கட்டடத்தில் விரிசல் விட்டதை முதல் நாளே பார்த்தார்கள். ஆனாலும் மறுநாள் தொழிலாளர்கள் வேலைக்கு வர வேண்டியிருந்தது. 1,100-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

விலை மலிவாக இருக்கலாம். அதற்காக யாரோ எங்கோ விலை கொடுத்திருக்கலாம்.

துணி எங்கே போகிறது?

ஐதராபாத்தின் குப்பை ஜவகர் நகர் கிடங்குக்குப் போகிறது. குப்பையோடு போடும் பழந்துணியும் அங்கே போகலாம். சாக்கடையில் விழும் துணி நீரை அடைக்கிறது. மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் தேங்க அதுவும் ஒரு காரணம்.

பருத்தி மண்ணில் மக்கிவிடும். பாலியஸ்டர் சீக்கிரம் மக்காது. பாலியஸ்டர் பிளாஸ்டிக் வகையைச் சேர்ந்தது. பெட்ரோலியத்திலிருந்து அதைத் தயாரிக்கிறார்கள்.

உலகம் முழுவதும் இதே நிலைதான். ஒவ்வொரு நொடியும் ஒரு லாரி நிறையத் துணி புதைக்கப்படுகிறது அல்லது எரிக்கப்படுகிறது. எலன் மெக்கார்தர் அறக்கட்டளை 2017-இல் வெளியிட்ட அறிக்கை இப்படிச் சொன்னது.

பழந்துணியை மீண்டும் நூலாக்க முடியாதா? முடியும். அரியானா மாநிலத்தில் பானிபட் என்ற ஊர் இருக்கிறது. அங்கே பழைய கம்பளித் துணிகளைக் கிழித்து நூலாக்கிப் போர்வை நெய்கிறார்கள். ஆனால் எல்லாத் துணியையும் அப்படி மாற்ற முடிவதில்லை. பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த துணியைப் பிரிப்பது கடினம்.

ஆகவே எளிய வழி ஒன்றுதான். வாங்கிய துணியை அதிக நாள் உடுத்த வேண்டும்.

ஒரு துணியின் ஆயுளை மூன்று வேளைகளில் நாம் கூட்டலாம். வாங்கும் வேளை ஒன்று. கிழியும் வேளை இரண்டாவது. இனி உடுத்த முடியாது என்னும் வேளை மூன்றாவது. மூன்று வேளையிலும் முடிவு நம் கையில் இருக்கிறது.

முதல் வேளை: வாங்கும்போது

முதலில் ஒரு கணக்கு.

ஒரு சட்டை 300 ரூபாய். அது 6 மாதம் உழைக்கிறது. மாதத்துக்கு 50 ரூபாய் ஆகிறது.

இன்னொரு சட்டை 600 ரூபாய். அது 24 மாதம் உழைக்கிறது. மாதத்துக்கு 25 ரூபாய் ஆகிறது.

எது மலிவு? 600 ரூபாய்ச் சட்டைதான் மலிவு. விலைச் சீட்டை மட்டும் பார்த்தால் இது தெரியாது. எத்தனை மாதம் உழைக்கும் என்றும் பார்க்க வேண்டும். விலை கூடிய சட்டை எல்லாம் நன்றாக உழைக்கும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் சோதித்து வாங்க வேண்டும்.

எப்படிச் சோதிப்பது?

1. சட்டையை உள்பக்கமாகத் திருப்புங்கள். தையலுக்கு உள்ளே எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். அரை இஞ்சாவது இருந்தால் நல்லது. பிறகு பிரித்துத் தளர்த்தலாம். மிகக் குறைவாக இருந்தால் தளர்த்த முடியாது.

2. துணியை வெளிச்சத்தில் பிடியுங்கள். நூல்கள் நெருக்கமாக இருக்கின்றனவா? இடைவெளி அதிகம் தெரிந்தால் துணி சீக்கிரம் இற்றுவிடும்.

3. வெள்ளைக் கைக்குட்டையைச் சிறிது நனைத்துத் துணியின் ஓரத்தில் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால் சாயம் போகும்.

4. கழுத்துப் பக்கம் அல்லது இடுப்புப் பக்கம் ஒரு சிறு சீட்டு இருக்கும். அதைப் படியுங்கள். ‘100% காட்டன்’ என்றால் முழுப் பருத்தி. ‘60% காட்டன், 40% பாலியஸ்டர்’ என்றால் கலப்புத் துணி. சீட்டு பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். எழுத்து தெரியாவிட்டால் கடைக்காரரைப் படிக்கச் சொல்லுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். பணம் உங்களுடையது.

வாங்கிய துணியில் சந்தேகம் இருக்கிறதா? ஓரத்தில் இரண்டு மூன்று நூலை உருவுங்கள். திறந்த இடத்தில், இடுக்கியால் பிடித்துக் கொளுத்துங்கள். பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும். பருத்தி காகிதம்போல் எரியும். மெல்லிய சாம்பல் ஆகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணிபோல் ஆகும். பட்டு எரிந்தால் முடி கருகும் வாடை வரும்.

தெலங்கானாவில் கைத்தறிக்குப் பெயர் பெற்ற ஊர்கள் பல உண்டு. போச்சம்பள்ளி, கத்வால், நாராயணபேட் ஆகியவை அவற்றில் சில. போச்சம்பள்ளித் துணியில் நூலைக் கட்டிச் சாயம் தோய்த்து, அதன் பிறகே நெய்கிறார்கள். அதனால் வடிவம் துணியின் இரு பக்கமும் தெரியும். அச்சடித்த போலித் துணியில் ஒரு பக்கம் மங்கியிருக்கும். வாங்கும்போது புரட்டிப் பாருங்கள். கைத்தறி முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். இந்த முத்திரையை 2006-இல் மத்திய அரசு கொண்டுவந்தது.

மீட்டரா, கஜமா?

துணி வாங்கித் தைப்பவர்கள் அளவை அறிய வேண்டும்.

1 இஞ்ச் என்பது 2.54 சென்டிமீட்டர். 1 கஜம் என்பது 36 இஞ்ச். 1 மீட்டர் என்பது 39 இஞ்சுக்குச் சற்று அதிகம். மீட்டருக்கும் கஜத்துக்கும் 3 இஞ்சுக்கு மேல் வித்தியாசம் உண்டு.

மீட்டருக்கு விலை சொல்லிவிட்டு யாராவது கஜக் கோலால் அளந்தால் என்ன ஆகும்? 5 மீட்டர் துணியில் சுமார் 17 இஞ்ச் குறையும். நம் நாட்டுச் சட்டப்படி துணியை மீட்டர் கணக்கில்தான் அளந்து விற்க வேண்டும்.

துணியின் அகலத்தையும் கேளுங்கள். அகலத்தைக் கடையில் ‘பன்னா’ என்பார்கள். 36 இஞ்ச் பன்னா, 44 இஞ்ச் பன்னா என்று துணி வரும். பன்னா பெரியதானால் நீளம் குறைவாக வாங்கினால் போதும். அளவும் கை நீளமும் பொறுத்து, ஒரு ரவிக்கைக்கு 80 சென்டிமீட்டர் முதல் 1 மீட்டர் வரை தேவைப்படும்.

வீட்டில் ஒரு அளவு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மார்பு, இடுப்பு, தோள், கை நீளம், முழு நீளம் ஆகிய அளவுகளை எழுதுங்கள். பக்கத்தில் தேதியும் எழுதுங்கள். பிள்ளைகள் வளர்கிறார்கள். 6 மாதத்துக்கு ஒரு முறை புதிதாக அளந்து எழுதுங்கள். எழுதி வைத்த அளவு இருந்தால் டெய்லர் கடையில் தகராறு வராது. துணியும் வீணாகாது.

தைக்கும் முன்

பருத்தித் துணியைத் தைப்பதற்கு முன் ஒரு இரவு தண்ணீரில் ஊற வையுங்கள். நிழலில் உலர்த்துங்கள். சுருங்க வேண்டிய துணி அப்போதே சுருங்கிவிடும். லைனிங் துணியையும் இப்படியே ஊற வையுங்கள். தைத்த பின் லைனிங் மட்டும் சுருங்கினால் ரவிக்கை கோணிவிடும்.

பிள்ளைகளின் உடையில் கீழ் மடிப்பு 3 இஞ்ச் இருக்கட்டும். பிள்ளை வளர்ந்ததும் மடிப்பைப் பிரித்து இறக்கலாம். ஒரே பாவாடை இன்னும் ஓர் ஆண்டு உழைக்கும்.

டெய்லரிடம் கொடுத்தாலும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். “உள்ளே துணி விட்டுத் தையுங்கள். மீதித் துணியைத் திருப்பிக் கொடுங்கள்” என்று கேளுங்கள். அந்த மீதித் துணிதான் பின்னால் ஒட்டுப் போட உதவும்.

இரண்டாவது வேளை: கிழியும்போது

கிழிசலைக் கண்ட அன்றே தைக்க வேண்டும். ஒரு இஞ்ச் பிரிந்த தையலைத் தைக்க 5 நிமிடம் போதும். அப்படியே துவைத்தால் அது 4 இஞ்ச் ஆகிவிடும்.

வீட்டில் ஒரு சிறு டப்பா வைத்துக்கொள்ளுங்கள். அதில் என்ன இருக்க வேண்டும்? இரண்டு மூன்று அளவில் ஊசிகள். வெள்ளை, கறுப்பு, பழுப்பு நிற நூல். சிறு கத்தரிக்கோல். அளவு நாடா. சாக்குக் கட்டி. பழைய சட்டைகளிலிருந்து எடுத்த பட்டன்கள். ஊக்குகள். சிறு பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் டப்பாவை வையுங்கள்.

மூன்று தையல் தெரிந்தால் பெரும்பாலான வேலையை முடிக்கலாம்.

ஓட்டுத் தையல்: ஊசி மேலும் கீழுமாகப் போகும். வேகமாக முடியும். பலம் குறைவு.

பின் தையல்: ஊசி ஒரு தையல் தூரம் முன்னே போகும். மீண்டும் பின்னே வந்து குத்தும். மெதுவான வேலை. ஆனால் பலம் அதிகம். பிரிந்த தையலுக்கு இதுவே ஏற்றது.

ஹெம்மிங்: ஓரத்தை இரண்டு முறை மடித்துச் சின்னச் சின்னதாகத் தைப்பது. வெளியே தையல் தெரியாது. நூல் பிரியாது.

பட்டன் வைப்பது எப்படி?

நூலை இரட்டையாக எடுங்கள். பட்டனுக்கும் துணிக்கும் நடுவே ஒரு தீக்குச்சியை வைத்துத் தையுங்கள். நான்கைந்து முறை தைத்த பின் குச்சியை உருவுங்கள். பட்டனுக்குக் கீழே நூலை மூன்று முறை சுற்றுங்கள். பிறகு முடிச்சுப் போடுங்கள். இப்படித் தைத்த பட்டன் எளிதில் விழாது. குச்சி விட்ட இடைவெளியால் காஜாவில் பட்டன் சுலபமாக நுழையும்.

ஒட்டுப் போடுவது எப்படி?

1. கிழிசலின் ஓரத்தில் தொங்கும் நூல்களை வெட்டுங்கள்.

2. கிழிசலைவிட எல்லாப் பக்கமும் 1 இஞ்ச் பெரிதாக ஒரு துண்டு வெட்டுங்கள்.

3. துண்டை உள்பக்கம் வையுங்கள். துணியின் நூல் எந்தத் திசையில் ஓடுகிறதோ, துண்டின் நூலும் அந்தத் திசையில் ஓட வேண்டும்.

4. துண்டின் ஓரத்தை மடித்து ஹெம்மிங் செய்யுங்கள்.

5. மறுபக்கம் திருப்புங்கள். கிழிசலின் ஓரத்தையும் உள்ளே மடித்துத் தையுங்கள்.

பழைய துணிக்குப் பழைய துண்டே நல்லது. புதுத் துண்டு துவைத்ததும் சுருங்கும். பழைய துணியை இழுத்துக் கிழிக்கும்.

பட்டுப் புடவையில் சிறு ஓட்டை விழுந்தால் ஒட்டுப் போடக் கூடாது. இழை இழையாக ஓட்டி அடைக்க வேண்டும். இதை உருதுவில் ‘ரஃபூ’ என்பார்கள். இது நுட்பமான வேலை. தெரிந்தவரிடம் கொடுங்கள். கூலி கொடுத்தாலும் புதுப் பட்டின் விலையைவிடக் குறைவுதான். ஒரு கைத்தொழிலாளிக்கு வேலையும் கிடைக்கும்.

சட்டைக் காலர் மடிப்பில் நைந்துவிட்டதா? காலரைப் பிரித்து, மறுபக்கம் திருப்பித் தைக்கலாம். நைந்த பக்கம் அடியில் போய்விடும். படுக்கை விரிப்பு நடுவில் நைந்துவிட்டதா? நடுவில் நீளமாக வெட்டுங்கள். நல்ல ஓரங்கள் இரண்டையும் நடுவே சேர்த்துத் தையுங்கள். நைந்த பகுதி ஓரத்துக்குப் போகும். அங்கே மடித்துத் தைத்துவிடலாம்.

தையல் இயந்திரம்

கையால் தைக்கத் தெரிந்த பின் இயந்திரம் பழகலாம்.

அமெரிக்காவில் 1846-இல் எலியாஸ் ஹோவ் தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1851-இல் ஐசக் சிங்கர் வேறொரு இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். சிங்கர் கம்பெனி இயந்திரத்தைத் தவணை முறையில் விற்றது. அதனால் சாதாரணக் குடும்பங்களும் வாங்க முடிந்தது. இந்தியாவில் 1930-களில் கல்கத்தாவில் உஷா தையல் இயந்திரம் தயாரானது.

காந்தியடிகள் பெரிய இயந்திரங்கள் மனிதரின் வேலையைப் பறிப்பதை எதிர்த்தார். ஆனால் சிங்கர் தையல் இயந்திரத்துக்கு விலக்குக் கொடுத்தார். அது மனிதரின் சிரமத்தைக் குறைக்கும் கருவி என்று 1924-இல் சொன்னார்.

இயந்திரத்துக்குப் பராமரிப்பு தேவை. பாபின் இருக்கும் இடத்தில் நூல் தூசி சேரும். அடிக்கடி துடைக்க வேண்டும். தையல் இயந்திரத்துக்குரிய எண்ணெயை மட்டும் விட வேண்டும். சமையல் எண்ணெய் விட்டால் இயந்திரம் பிசுபிசுத்து இறுகிவிடும். ஊசிக்கும் எண் உண்டு. மெல்லிய துணிக்கு 11. சாதாரணப் பருத்திக்கு 14. தடித்த துணிக்கு 16. ஜீன்ஸ் துணிக்கு 18. வளைந்த ஊசியை உடனே மாற்றுங்கள்.

ஊசி பெண்களுக்கு மட்டுமா?

“தையல் பெண்கள் வேலை” என்று சில ஆண்கள் சொல்வார்கள். ஆனால் டெய்லர் கடையில் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருப்பவர் பலமுறை ஆண்தானே! கூலிக்குத் தைக்கலாம் என்றால் வீட்டுக்கும் தைக்கலாம். தன் சட்டைக்குத் தானே பட்டன் வைக்க எல்லோரும் பழக வேண்டும். அமீர்பேட் விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைக்கு இது கட்டாயம் தெரிய வேண்டும்.

இன்னொரு கூச்சமும் உண்டு. ஒட்டுப் போட்ட துணியை உடுத்தினால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்? ‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்பது நம் பழமொழி. சுத்தமாகத் துவைத்து, சீராகத் தைத்த துணியில் அவமானம் எதுவும் இல்லை. கடன் வாங்கிப் புதுத்துணி எடுத்துவிட்டு வட்டி கட்டுவதுதான் துன்பம்.

இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தில் துணிக்கும் ரேஷன் வந்தது. 1941 ஜூன் 1 முதல் கூப்பன் இருந்தால்தான் உடை வாங்க முடியும். இருப்பதைத் தைத்து உடுத்துவது எப்படி என்று 1943-இல் அரசே ஒரு கையேடு வெளியிட்டது. 1949 வரை துணி ரேஷன் இருந்தது. ஏழை, பணக்காரர் எல்லோரும் ஒட்டுப் போட்டு உடுத்தினார்கள்.

மூன்றாவது வேளை: இனி உடுத்த முடியாது என்னும்போது

பழைய பருத்திப் புடவை மிகவும் மென்மையானது. அதை ஒரே நாளில் தரை துடைக்க எடுக்க வேண்டாம். படிப்படியாகப் பயன்படுத்துங்கள்.

நல்ல பகுதியை வெட்டிப் பிள்ளைக்குப் பாவாடை தைக்கலாம். தலையணை உறை தைக்கலாம். குழந்தைக்குத் தூளி கட்டலாம். அடுத்து, கைக்குட்டையும் பாத்திரம் துடைக்கும் துணியும் ஆகும். அதன் பிறகு தரைத் துணி. மிஞ்சிய துண்டு விளக்குத் திரி.

பல பழம்புடவைகளை அடுக்கித் தைத்தால் போர்வை ஆகும். தெலுங்கில் இதை ‘பொந்த’ என்பார்கள். வங்காளத்தில் ‘காந்தா’ என்பார்கள். அங்கே பழம்புடவையின் கரையிலிருந்தே நூலை உருவி, அந்த நூலால் பூவும் பறவையும் போடுவார்கள். இன்று காந்தா வேலைப்பாடு நல்ல விலைக்குப் போகிறது.

நம்மிடம் அதிகமாக இருப்பதைப் பிறருக்குக் கொடுக்கலாம். 1999-இல் அன்ஷு குப்தா என்பவர் தில்லியில் ‘கூஞ்ச்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். நகரங்களில் பழந்துணி சேகரித்துக் கிராமங்களுக்கு அனுப்புகிறார்கள். கிராம மக்கள் குளம் வெட்டுவது, பாதை போடுவது போன்ற வேலைகளைச் செய்கிறார்கள். உழைப்புக்குப் பலனாகத் துணி பெறுகிறார்கள். நைந்த பருத்தித் துணியைச் சுத்தம் செய்து, பெண்களின் மாதவிலக்குக்கான துணியும் தயாரிக்கிறார்கள். அன்ஷு குப்தாவுக்கு 2015-இல் மகசேசே விருது கிடைத்தது.

துணி கொடுக்கும்போது துவைத்துக் கொடுங்கள். பட்டன் வைத்துக் கொடுங்கள். வாங்குபவருக்கும் மானம் உண்டு.

எங்கே கற்கலாம்?

ஐதராபாத்தில் ஜன் சிக்ஷண் சன்ஸ்தான் இருக்கிறது. இதற்கு முன்பு ஷ்ரமிக் வித்யாபீடம் என்று பெயர். முதல் மையம் 1967-இல் மும்பையில் தொடங்கியது. புதிதாக எழுதப் படிக்கக் கற்றவர்களும் இங்கே தொழில் கற்கலாம். தையலும் கற்றுத் தருகிறார்கள். 2018 முதல் இது மத்திய அரசின் திறன் மேம்பாட்டு அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. ஐதராபாத்தில் ‘செட்வின்’ என்ற அரசு சார்ந்த அமைப்பும் தையல் பயிற்சி தருகிறது.

தையலையே தொழிலாகச் செய்பவர்களுக்கு ‘பி.எம். விஸ்வகர்மா’ திட்டம் உண்டு. 2023 செப்டம்பர் 17 அன்று இது தொடங்கியது. 18 கைத்தொழில்களில் தையலும் ஒன்று. பயிற்சியும், கருவி வாங்க 15,000 ரூபாய் வரை உதவியும், குறைந்த வட்டியில் கடனும் இதில் அடங்கும். ஒரு குடும்பத்தில் ஒருவருக்கு மட்டுமே கிடைக்கும். பொதுச் சேவை மையத்தில் விவரம் கேளுங்கள்.

கடையில் பேச உதவும் தெலுங்குச் சொற்கள்

அமீர்பேட்டில் தெலுங்கு பேசுவோர் அதிகம். தமிழ் மட்டும் தெரிந்தவர்கள் இந்தச் சொற்களைப் படித்து வைத்துக்கொள்ளலாம்.

ஊசி – சூதி
நூல் – தாரம்
கத்தரி – கத்தெர
துணி – பட்ட
அளவு – கொலத
ரவிக்கை – ரவிக
பட்டன் – குண்டீ

கத்தரியும் ரவிக்கையும் கிட்டத்தட்ட நம் சொற்களே. பழகுவது எளிது.

செய்து பாருங்கள்

1. வீட்டில் மூலையில் கிடக்கும் துணிகளை எல்லாம் எடுங்கள். தைத்தால் உடுத்தக் கூடியவை எத்தனை? எண்ணி எழுதுங்கள்.

2. அவற்றில் ஒன்றை இன்றே தையுங்கள்.

3. அளவு நோட்டில் உங்கள் அளவை முதலில் எழுதுங்கள்.

4. உங்களிடம் உள்ள ஒரு சட்டையின் சீட்டைப் படியுங்கள். அது என்ன துணி?

கூடிப் பேசுங்கள்

1. கடந்த ஓர் ஆண்டில் உங்கள் வீட்டில் துணிக்கு எவ்வளவு செலவானது? அதில் கடன் எவ்வளவு?

2. பண்டிகைக்குக் கட்டாயம் புதுத்துணி வேண்டுமா? பழைய பட்டுப் புடவையிலிருந்து பிள்ளைக்குப் பாவாடை தைத்தால் அது புதுத்துணி ஆகாதா?

3. உங்கள் தெருவில் நன்றாகத் தைக்கத் தெரிந்தவர் யார்? அவரிடம் வாரம் ஒரு நாள் எல்லோரும் சேர்ந்து கற்றுக்கொள்ள முடியுமா?